அறுநூறும் அறுபதாயிரமும்



உன் கடிதம் கிடைத்தது. க்ஷேம சமாசாரங்களையும் பரீட்சைச் செய்திகளையும் எழுதி முடித்த பின், காகிதத்தின் ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி ஒரு கேள்வி எழுதியிருந்தாயே, அதுதான் என் மனத்தில் தங்கிவிட்டது. "நாள் ஒன்றுக்கு 600 யூனிட் வைட்டமின் டி போதும் என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள், நான் பயிற்சி பெறும் மருந்துக்கடையிலோ 60,000 யூனிட் பொட்டலங்கள் கைக்குக் கை விற்பனையாகின்றன, இரண்டில் ஒன்று பிழையாகத்தானே இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். இப்படிக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதை அடுத்து, "வைட்டமின்தானே அம்மா, மிஞ்சினது சிறுநீரில் போய்விடும்" என்று அங்கே உனக்கு மூத்தவர் ஒருவர் சமாதானம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தச் சமாதானத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. படித்தவர்கள் வாயிலும் பல வருஷங்களாகக் கேட்டுச் சலித்த வாக்கியம் அது. ஆகையால் இந்தக் கடிதம் உன் கேள்விக்கு வேண்டியதைவிடச் சற்று நீளமாக வளர்ந்துவிடும், பொறுத்துக்கொள்.

வைட்டமின் டி எலும்புக்கு எதற்கு வேண்டும், ஈரலும் சிறுநீரகமும் அதை எவ்வாறு இரண்டு படிகளில் செயல்படும் உருவத்துக்குக் கொண்டுவருகின்றன என்பதெல்லாம் உனக்குப் பாடம், அவற்றைத் தொடவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். நாற்பது யூனிட் என்பது ஒரு மைக்ரோகிராம். ஆகவே 600 யூனிட் பதினைந்து மைக்ரோகிராம். 60,000 யூனிட் ஒன்றரை மில்லிகிராம். வயது வந்தவர் ஒருவர் வைத்தியர் கண்காணிப்பு இல்லாமல் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கு நேராது என்று அமெரிக்க நிபுணர் குழு 2010-இல் வகுத்த உச்ச வரம்பு 4,000 யூனிட். வாரம் ஒரு பொட்டலம் என்றால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 8,500 யூனிட் ஆகிறது. அந்த வரம்பைப் போல் இரு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் அதை எழுதிக்கொடுக்கும் வைத்தியரைக் குற்றம் சொல்ல முடியாது. வரம்பு, ஆயுள் முழுவதும் சாப்பிடக்கூடிய சாதாரண மனிதனுக்காக ஏற்பட்டது. பொட்டலம், சத்துக் குறைந்து கிடக்கும் சரீரத்துக்குச் சில வாரங்களில் இருப்பைத் திரும்பச் சேர்ப்பதற்காக ஏற்பட்டது. எட்டு வாரம் என்பது வழக்கமான சிகிச்சைக் காலம். அதற்குள் 4,80,000 யூனிட், அதாவது பன்னிரண்டு மில்லிகிராம் உள்ளே போய்விடுகிறது. அத்துடன் பொட்டலத்தின் வேலை முடிந்தது. அதன் பின் சிறிய தினசரி அளவுக்கு இறங்கிவிட வேண்டும். எனவே உன் இரண்டு எண்களில் எதுவும் பிழையன்று. மருந்துச் சீட்டிலிருந்து எட்டு வாரம் என்ற சொற்கள் நழுவிப் போய், பொட்டலம் மட்டும் வீட்டில் நிலைத்துவிடுகிறதே, அங்கேதான் பிழை நுழைகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு: மருந்தின் அளவை எழுதுவதைவிட அதை நிறுத்த வேண்டிய தேதியை எழுதுவது முக்கியம். ஏன் என்று சொல்கிறேன். மிஞ்சினது சிறுநீரில் போகும் என்பது, நீரில் கரையும் பி வகைக்கும் சி-க்கும் ஓரளவு பொருந்தும். டி கொழுப்பில் கரைவது. சரீரத்தின் கொழுப்பில் அது மாதக்கணக்கில் தங்கும்; ஈரல் அதை மாற்றி இரத்தத்தில் விடும் உருவம் பாதியாகக் குறைவதற்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் பொட்டலத்தின் மிச்சம் கரையுமுன் இரண்டாவது வந்து சேருகிறது, அது கரையுமுன் மூன்றாவது.

வெயிலில் நின்றால் மட்டும் இந்தச் சங்கடம் இல்லை. தோலில் உண்டாகும் முன்பொருள் அளவு மீறும்போது, அதே சூரிய ஒளி அதை லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்ற செயலற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. ஏரி நிரம்பியதும் உபரி நீர் தானாகவே கலிங்கு வழியே வழிந்துவிடுவது போல இயற்கை அங்கே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. வயல்வெளியில் நாள் முழுவதும் உழைக்கிறவனுக்கு அந்த வெயிலால் வைட்டமின் டி நஞ்சாவதில்லை. வாய்வழியாகவோ ஊசிவழியாகவோ போவதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. அதைச் சிதைத்து வெளியேற்ற ஒரு என்ஸைம் இருக்கிறது என்பது உண்மை. அதன் வேகத்துக்கு எல்லை உண்டு என்பதும் உண்மை. எலி கொல்லும் இரைகளில் சிலவற்றில் கலக்கப்படும் நஞ்சு இதே கோலிகால்சிஃபெரால்தான் என்பதை அந்த மூத்தவருக்கு மரியாதையோடு தெரிவி.

இனி, இந்த விஷயம் பேச நேரும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் சரித்திரத்தைக் கேள். முதல் உலக யுத்தம் முடிந்த காலத்தில் வியன்னா நகரத்துக் குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் நோய் மிகுந்திருந்தது. ஹாரியட் சிக் என்ற ஆங்கிலேய அம்மையார் தம் துணைவர்களோடு அங்கே சென்று, ஒரு குழந்தை மருத்துவமனையில் பல மாதங்கள் இருந்து, காட் மீனின் ஈரல் எண்ணெயும் சூரிய ஒளியும் தனித்தனியே அந்த நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் வல்லவை என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அந்த அம்மையாரின் ஆராய்ச்சி விவரங்களை வாசிக்கும்போது, ஒவ்வொரு சிசுவின் உணவும் எடையும் எலும்பின் படமும் எவ்வளவு பொறுமையோடு குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து நெடுநேரம் பக்கத்தைத் திருப்பாமலே இருந்திருக்கிறேன். நீயும் நல்ல நூலகம் ஒன்றில் பழைய மருத்துவச் சஞ்சிகைகளைக் கட்டுக் கட்டாக எடுத்துப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள். பாடப் புத்தகம் முடிவைச் சொல்லும், முடிவுக்கு வந்த வழியைச் சொல்லாது. 1922-இல் மக்காலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்த எண்ணெயைச் சூடாக்கி அதில் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ அழிந்த பிறகும் அது ரிக்கெட்ஸைத் தீர்ப்பதைக் காட்டினார். நான்காவதாகத் தெரியவந்த அந்தப் பொருளுக்கு டி என்ற எழுத்து வந்தது அப்படித்தான்.

இவ்வளவு நல்ல மருந்து கைக்கு வந்ததும் பிரிட்டன் என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், உணவுப் பஞ்சத்தால் குழந்தைகள் நலியக்கூடாது என்ற உத்தம நோக்கத்தோடு அரசாங்கம் பால்பவுடரில் வைட்டமின் டி சேர்த்தது. தாய்மார்களுக்கு மீன் எண்ணெய் வழங்கியது. சிசு உணவாக விற்ற தானிய மாவுகளிலும் அது சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமான அளவு. ஆனால் ஒரே குழந்தை காலையில் பால்பவுடரும், மத்தியானம் மாவும், இரவில் எண்ணெயும் பெற்றபோது, நாள் ஒன்றுக்கு வேண்டிய 400 யூனிட்டுக்குப் பதிலாக, சில குழந்தைகளுக்கு 4,000 யூனிட் வரையிலும் போய்ச் சேர்ந்தது. ஊட்டிய தாய் ஒருத்திகூட விதியை மீறவில்லை. கொடுக்கச் சொன்னதையே கொடுத்தாள்.

1950-களின் தொடக்கத்தில் அந்நாட்டு வைத்தியர்கள் விசித்திரமான சிசுக்களைக் காணத் தொடங்கினார்கள். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை ஆறேழு மாதத்தில் பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மலம் இறுகும், எடை ஏறாது, தாகம் மட்டும் தணியாது. இரத்தத்தைச் சோதித்தால் கால்சியம் மிகையாக இருக்கும். 1952-இல் லைட்வுட் என்ற குழந்தை வைத்தியர் இதை எடுத்து எழுதினார். சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்த குழந்தைகளும், மூளை வளர்ச்சி குன்றியவர்களும், இறந்தவர்களும் உண்டு. ஆராய்ந்து பார்த்த பின் 1957-ஐ ஒட்டி உணவுகளில் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள், நோயும் குறைந்தது.

இத்தோடு கதையை முடித்துவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதே பாலையும் மாவையும் எண்ணெயையும் உண்ட லட்சக்கணக்கான குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தானே நோய் வந்தது? அந்தச் சிலர் யார்? இதற்கு ஒரு பகுதி விடை 1960-களில் கிடைத்தது. அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே வேறொரு கோளாறு, வில்லியம்ஸ் நோய்க்குறித் தொகுதி என்பது, இருந்திருக்க வேண்டும். மற்றொரு பகுதிக்கு அறுபது வருஷம் காத்திருக்க நேர்ந்தது. நான் மேலே சொன்ன, வைட்டமின் டி-யைச் சிதைக்கும் என்ஸைம் இருக்கிறதே, அதை உண்டாக்கும் ஜீனில் பழுதுள்ள சிசுக்கள் உண்டு என்று 2011-இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மற்றக் குழந்தைக்கு உணவாகும் அளவு அந்தச் சிசுவுக்கு விஷமாகும். அவன் நெற்றியைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. பத்துப் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் வாதிடும்போதெல்லாம் எனக்குப் பதினோராவது ஆளின் நினைவுதான் வருகிறது.

பெரியவர்களுக்கு ஆபத்து வேறு உருவில் வரும். 1940-களில் கீல்வாதத்துக்காக நாள்தோறும் லட்சம் யூனிட்டுக்கு மேலும் கொடுத்துப் பார்த்துச் சிறுநீரகங்களைக் கெடுத்தார்கள்; அந்தக் காலத்து அறியாமை என்று அதை விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட பரிசோதனையை அப்படி விட்டுவிட முடியாது. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தால் எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மருந்து உண்டவர்கள், வெறும் மாத்திரை உண்டவர்களைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு அதிகமாக விழுந்தார்கள். முறிவுகளோ நூற்றுக்கு இருபத்தாறு பங்கு அதிகம். அதிலும் மருந்து உண்ட முதல் மூன்று மாதங்களில்தான் மிகுதியாக விழுந்தார்கள். ஐந்து லட்சத்தை முந்நூற்றறுபத்தைந்தால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 1,400 யூனிட் கூட வராது. மொத்தம் நியாயமானதே, ஒரே மூச்சில் கொட்டியது அநியாயம் என்பது என் முடிவு. அசதிக்கும் முதுகுவலிக்கும் "ஒரேயடியாக ஆறு லட்சம் ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுகிறவர்களைப் பார்க்கும்போது இந்தப் பெண்மணிகளைப் பற்றித்தான் நான் பேசத் தொடங்கிவிடுகிறேன்.

அளவு மீறியதை அறிந்துகொள்வதும் எளிதன்று. வாய் உலரும்; தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும்; அடிக்கடி சிறுநீர் போகும்; பசி குன்றும்; மலச்சிக்கல், குமட்டல், சோர்வு, புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரும். இவற்றில் எது முதுமையின் அடையாளமாகத் தோன்றாதது? வயசாகிவிட்டது என்று வீட்டார் சும்மா இருந்துவிடுவார்கள். அல்லது, சோர்வாக இருக்கிறதே என்று இன்னொரு பொட்டலம் கொடுப்பார்கள், அது இன்னும் கொடுமை. இரத்தத்தில் கால்சியத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். மருந்தை நிறுத்தினாலும் கொழுப்பில் சேர்ந்தது கரையும் வரை, வாரங்களோ மாதங்களோ, கால்சியம் இறங்காமல் படுத்தும்.

சிலரிடம் மற்றவர்களைவிட அதிகக் கவனம் வேண்டும். க்ஷயரோகத்திலும் சார்காய்டோசிஸிலும் நோய்த்திசுவே வைட்டமின் டி-யைச் செயல்படும் உருவத்துக்கு மாற்றிவிடக்கூடும். சிறுநீரகத்தின் கட்டுப்பாடு அங்கே செல்லாது. சிறுநீர்க் கல் வந்தவர்கள், பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறவர்கள், இரத்த அழுத்தத்துக்குத் தயஸைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரும் அப்படியே. இருதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்குக் கால்சியம் ஏறினால் இருதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மேஜைக்கு எதிரே நிற்பவர் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தால் இரண்டையும் வாங்கிப் பார். பொட்டலம் கேட்கிறவரிடம் "இது எத்தனையாவது வாரம்?" என்று கேள். பதில் தெரியாதவர்தான் பெரும்பாலும் வருவார். அவரைக் கோபிக்காமல் வைத்தியரிடம் திருப்பி அனுப்பு. விற்பனை ஒன்று குறைந்ததே என்று முகம் சுளிப்பவர்கள் இருந்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. எந்த நோயும் இல்லாதவர்கள் முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் இந்தச் சத்தையும் அளந்து பார்த்து, காகிதத்தில் ஓர் எண் சற்றே தாழ்ந்திருப்பதைக் கண்டு திகிலடைந்து மருந்துக்கு ஓடுகிறார்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதுமானது என்று நான் முதலில் சொன்ன குழு முடிவு செய்திருக்கிறது. 2018-இல் வெளிவந்த மிகப் பெரிய அமெரிக்கப் பரிசோதனையில், இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பாதியினர் ஐந்து வருஷத்துக்கும் மேல் நாள்தோறும் 2,000 யூனிட் உண்டும், புற்றுநோயோ இருதயநோயோ வருவது குறையவில்லை. ஆரோக்கியமாக இருக்கும் நடுவயதினரைச் சோதிக்கவும் வேண்டாம், அன்றாட அளவுக்கு மேல் கொடுக்கவும் வேண்டாம் என்று 2024-இல் நாளமில்லாச் சுரப்பி வைத்தியர்களின் சங்கமே சொல்லிவிட்டது. சங்கம் சொல்லுமுன்பே இதைச் சொல்லி வந்தவர்களுக்குப் பழமைவாதிகள் என்ற பட்டம்தான் கிடைத்தது.

நான் பயமுறுத்துவதாக நினைத்து நீ மறுபக்கம் சாய்ந்துவிடாதே. வெயில் கொட்டும் நம் ஊரிலேயே, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைந்து கிடப்பதால் உண்மையான குறைபாடு உண்டு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில், வேண்டிய புற ஊதாக் கதிரைக் கொண்டுவராது. குறைபாடு நிச்சயமாகத் தெரிந்தவருக்கு அந்த எட்டுப் பொட்டலமும் நல்ல மருந்து. முக்கியமாக, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சிசுவுக்கு நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்து அவசியம். அதை நிறுத்தச் சொல்லி யாராவது உன்னிடம் வந்தால் இந்தக் கடிதத்தைச் சாட்சிக்கு அழைக்காதே. அங்கே பார்க்க வேண்டியது சீசாவை. ஒரு மில்லிலிட்டரில் 400 யூனிட் உள்ளதும் கடையில் இருக்கிறது, 800 யூனிட் உள்ளதும் இருக்கிறது. ஒரு சீசாவின் சொட்டுக்குழாயை மற்றொன்றில் போட்டு ஊட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. சொட்டுக்குழாயால் நேரும் இந்த அளவுப் பிழையைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2010-இல் தனியாகவே எச்சரிக்கை விடுத்தது. ஆகவே சீசாவைக் கொடுக்கும்போது குழாயை வெளியே எடுத்து, எந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும் என்பதை அந்தத் தாயின் விரலையே வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு அனுப்பு.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் ஆசிரியன்