தெரியாத ஏரியில் கோக்கனி பிடிக்கப் போகும் தம்பிக்கு

கனடாவின் ஒக்கனாகன் ஏரிக்கு முதல் தடவை போகிறாய் என்று கேள்விப்பட்டேன். 135 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 230 மீட்டருக்கு மேல். அதற்குள் ஒன்றரைச் சாண் மீனைத் தேட வேண்டும். அதனால் படகை இறக்கியதும் தூண்டிலைத் தொடாதே. முதலில் தண்ணீரைப் பார்.

கோக்கனி என்பது கடலுக்கே போகாத சாக்கை சால்மன். 10 முதல் 13 டிகிரி குளிர் இருக்கும் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். விடிகாலையில் மேலாக நிற்கும். வெயில் ஏற ஏறக் கீழே போய்விடும். கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கி, அந்தக் குளிர் எத்தனை மீட்டரில் வருகிறது என்று பார். மீன்காட்டும் கருவியில் அதே ஆழத்தில் கூட்டம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தூண்டிலை மீன் நிற்கும் மட்டத்திலோ, சற்று மேலேயோ விடு; கீழே விடாதே. அது மேல்நோக்கித்தான் பார்க்கும்.

அடுத்தது வேகம். ட்ரோலிங் என்றால் தூண்டிலைப் படகின் பின்னால் மெல்ல இழுத்துப் போவது. இழுவலையும் இல்லை, மீம்ஸும் இல்லை. மணிக்கு 2 கிலோமீட்டரை ஒட்டிப் போ. நேர்கோட்டில் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போ. வளையும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கத் தூண்டில் தளரும். எது கடிபடுகிறது என்று கவனி. வெளிப்பக்கம் என்றால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டு, உள்பக்கம் என்றால் குறை. ஏரியே உனக்குச் சொல்லிக்கொடுக்கும்.

இந்த மீனின் சாப்பாடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிரிகள். பிறகு ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது? பசியைவிட எரிச்சல்தான் என்பது என் கணிப்பு. ஆகவே பளபளக்கும் டாட்ஜர் தகடு, அதற்கு ஒரு சாண் பின்னால் ரோஸ் அல்லது ஆரஞ்சு நிற ஹூச்சி எனும் பிளாஸ்டிக் போலி இரை, முள்ளில் ஒரு வெள்ளைச் சோளமணி. சோளத்தை முந்தின ராத்திரியே டின் சூரை மீன் எண்ணெயில் ஊறவை. ஃப்ரிட்ஜ் நாறும், வீட்டில் திட்டு வாங்கத் தயாராக இரு.

கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதே. என் முதல் மீனை, குளத்தில் விராலை இழுக்கிற மாதிரி இழுத்தேன். முள்ளில் நகக்கண் அளவு உதட்டுத்தோல் மட்டும்தான் வந்தது. கோக்கனிக்கு வாய் அவ்வளவு மெல்லியது. வளைந்துகொடுக்கும் கம்பு எடுத்துப் போ, நரம்பு தளராமல் நிதானமாகச் சுற்று. படகருகே வந்ததும் துள்ளும். கைப்பிடி வலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் வைத்திரு. பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் போடு. சதை சீக்கிரம் குழைந்துவிடும்.

லைசென்ஸ், படகு ஓட்டுநர் அட்டை, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அந்த ஏரிக்கான அன்றைய விதி, இதில் எதிலும் சமரசம் வேண்டாம். பக்கத்து ஏரியின் விதி இங்கே செல்லாது. மீனுக்குத் தீனியாகட்டும் என்று 1966-ல் இந்த ஏரியில் மைசிஸ் இறாலை விட்டார்கள். அதுவோ கோக்கனியின் இரையையே தின்னத் தொடங்கியது. கோக்கனி குறைந்துபோனது; இத்தனை கட்டுப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். மதியத்தில் காற்று கிளம்பினால் மீனை மறந்து கரைக்கு வா.

முதல் மீன் கடித்த நேரம், ஆழம், வேகம், தூண்டிலின் நிறம், நான்கையும் ஒரு தாளில் எழுதிவை. எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு. அடுத்த மாதம் நான் அங்கே போகிறேன்.