நாய் நடத்திய பாடம்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பேசிப் பழகியவன் நான். பேசாமலும் தொண்டு செய்யலாம் என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு நாய்.

பக்கவாதத்தால் படுத்துவிட்ட என் அக்காள், தோ பாயோவில் ஒரு தாதிமை இல்லத்தில் இருந்தார். வாரந்தோறும் அம்மன் பிரசாதத்துடன் செல்வேன். "சாப்பிட்டீர்களா? மருந்து குடித்தீர்களா? ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் தொண்டூழியர் ஒருவர் நாயுடன் வந்தார். "நாங்கள் ஆசாரம் பார்ப்பவர்கள், வேண்டாம்" என்று தடுத்தேன். அவர் என்னிடம் வாதாடவில்லை, அக்காளிடமே கேட்டார். அக்காள் தலையசைத்தார். நாய் கட்டிலோரம் அமர்ந்து அவர் கைமீது தலை வைத்தது. சற்று நேரத்தில், "பசிக்குதா?" என்றார் அக்காள். பல வாரங்களுக்குப் பின் நான் கேட்ட அவர் குரல் அது.

இப்பணி புதிதன்று. நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதினார். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991-ல் 'டாக்டர் டாக்' திட்டத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 2004-ல் 'தெரப்பி டாக்ஸ் சிங்கப்பூர்' என்ற தொண்டூழியர் குழு அமைந்தது.

எல்லா நாயும் இதற்கு ஆகாது. தட்டு விழுந்தாலும் சக்கர நாற்காலி உருண்டாலும் மிரளாத சாந்த குணம் வேண்டும். குளிப்பாட்டி, நகம் வெட்டி, தடுப்பூசி போட்டு அழைத்துவர வேண்டும். ஆறாத புண், ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்களிடம் விடலாகாது. தொட்டவர்கள் கைகழுவ வேண்டும். அச்சத்தாலோ சமய வழக்கத்தாலோ மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. நாய் களைத்தால் அதற்கும் ஓய்வு தர வேண்டும். இது நோயை நீக்கும் மருந்தன்று, தனிமைக்குத் துணை.

பைரவர் சந்நிதியில் நாய் வாகனத்தை வணங்குகிறோம். தம்மைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் செல்ல மறுத்த தருமரின் கதையை மாணவர்களுக்குப் பலமுறை சொன்னவன் நான். அக்காள் கட்டிலருகே அது எனக்கு நினைவுக்கு வரவில்லை!

அடுத்த ஆண்டு அக்காள் இறைவனடி சேர்ந்தார். அதுவரை நானும் கேள்விகளை விட்டு, அவர் கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். சில நாள் அவரே பேசினார்.

நன்கொடை வழங்கும் அன்பர்களே, நோயுற்றோரைக் காணச் செல்லும்போது பழங்களோடு சிறிது நேரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் சம்மதம் கேட்டு, அருகில் அமருங்கள். அன்னை அருள்புரிவாளாக.