தீயணைப்பு வண்டி வருகிறது

ஏர்பேடு ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் உள்ள ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கோடையில் இந்தப் பக்கம் வெயில் கொளுத்தும். ஒரு பீடித் துண்டு போதும். வைக்கோல் போர் பற்றிக்கொள்ளும். காற்று அடித்தால் பக்கத்துக் கூரையும் பற்றிக்கொள்ளும்.

ஊரார் குடத்தோடு ஓடுவார்கள். மண்ணை அள்ளிப் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் போன் செய்யப் பலருக்குத் தோன்றுவதில்லை. "வண்டி வந்தால் பணம் கேட்பார்களோ?" என்று சிலர் தயங்குவார்கள். கேட்க மாட்டார்கள். தீயை அணைப்பது அரசின் வேலை.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1908-ஆம் ஆண்டு சென்னையில் தீயணைப்புப் படை தொடங்கியது. அன்று ஏர்பேடும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 1953-இல் ஆந்திரா தனி மாநிலம் ஆனது. 1956-இல் தெலங்கானா பகுதியும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது. 1999-இல் தீயணைப்புப் பணிக்கென்று அங்கே தனிச் சட்டம் வந்தது. தெலுங்கில் இந்தத் துறையை "அக்னிமாபக" என்று சொல்கிறார்கள். நமக்கு அது பயர் சர்வீஸ்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஏன் தெரியுமா?

1944-ஆம் ஆண்டு அதே நாள். பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதன் பெயர் ஃபோர்ட் ஸ்டிகின். அதில் பஞ்சுப் பொதிகள் இருந்தன. சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! மதியம் கப்பலில் புகை வந்தது. தீயணைப்புப் படையினர் வந்தார்கள். தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீ அடங்கவில்லை. மாலை 4 மணிக்குமேல் கப்பல் வெடித்தது. துறைமுகமே சிதறியது. நூற்றுக்கணக்கான மக்கள் இறந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள்.

தீயை அணைப்பது மட்டும்தானா இவர்கள் வேலை? இல்லை. கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவார்கள். நசுங்கிய லாரிக்குள் சிக்கியவரை வெளியே எடுப்பார்கள். வெள்ளம் வந்தாலும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். மாடு கிணற்றில் விழுந்தாலும் வருவார்கள்.

தீ சிறியதாக இருக்கும்போதே கூப்பிட வேண்டும். "நாமே அணைத்துவிடலாம்" என்று கால் மணி நேரம் போனால், கூரை போய்விடும். கூப்பிட வேண்டிய எண் 101. 112-க்கும் பேசலாம். காசு கிடையாது.

ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள். எரிவது குடிசையா, கடையா, வைக்கோலா என்று சொல்லுங்கள். உள்ளே ஆள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பதற்றத்தில் போனை வைத்துவிடாதீர்கள். அவர்கள் கேட்டு முடிக்கட்டும்.

வீட்டில் கரண்டு இருந்தால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்கு முன் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வண்டிக்கு ஊர் வழி தெரியாது. சந்தில் நிற்கும் மாட்டு வண்டியையும் டிராக்டரையும் அதற்குள் தள்ளி வைத்துவிட வேண்டும்.