கூடுதல் காசு யார் கைக்குப் போகிறது?

‘பசுமை’, ‘இயற்கை’, ‘நாட்டு’ என்று அட்டையில் அச்சடித்தாலே விலை ஏறிவிடுகிறது. மனசாட்சியோடு வாங்க நினைப்பவர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு யாருக்குப் போய்ச் சேருகிறது, அதைச் சரிபார்க்க வழி உண்டா? உண்டென்றால் கொடுக்கலாம். இல்லையென்றால் வழக்கமானதையே வாங்கலாம். இந்த அளவுகோலில் நான்கு பொருட்களைப் பார்ப்போம்.

பை: புதியதா, பழையதா?

டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வு இது: பருவநிலை பாதிப்பை மட்டும் கணக்கிட்டால், ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லா வகைச் சூழல் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. ஆகவே கடைக்குக் கடை புதுத் துணிப்பை வாங்குவதில் புண்ணியமில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பையே போதும். துணி போலவே தோன்றும் ‘நான்-ஓவன்’ பையும் பிளாஸ்டிக்தான். அதை நம்பி ஏமாற வேண்டாம்.

தேயிலை: முத்திரையா, கூட்டுறவா?

பாக்கெட்டில் பச்சைத் தவளை முத்திரை இருந்தால், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற சான்றளிப்பு அமைப்பின் விதிகளின்படி தோட்டத்தின் சூழலும் தொழிலாளர் நிலையும் தணிக்கை செய்யப்பட்டிருக்கின்றன என்று பொருள். இலைக்குக் குறைந்தபட்ச விலை கிடைத்ததா என்பதை அது சொல்லாது. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் மாற்று, ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீ. நீலகிரியின் சிறு விவசாயிகள் உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் அதை விற்கிறது. இலை பறித்துக் கொடுப்பவரே ஆலையின் பங்குதாரர். பெரிய பிராண்டின் ருசி பழகியவர்கள் பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம்.

துணி: கைத்தறியா, விசைத்தறியா?

கூடுதல் காசு அதிகம் போவதும் ஏமாற்று அதிகம் நடப்பதும் இங்கேதான். விசைத்தறிக்காரரும் உழைப்பாளிதான், ஈரோட்டிலும் சோமனூரிலும் கூலிக்கு நெய்பவர்கள் ஏராளம். தினசரி உடுத்தும் லுங்கிக்கும் துண்டுக்கும் விசைத்தறி போதும் என்றால் அதில் தவறில்லை. தவறு, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கரை வைத்த வேட்டி, சேலை, ஜமுக்காளம் போன்றவற்றில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. அவற்றை விசைத்தறியில் நெய்வது குற்றம்.

சரிபார்க்க மூன்று வழிகள்:

- 2006இல் வந்த கைத்தறி முத்திரை லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.
- துணியின் இரு ஓரங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசிகள் விட்ட நுண்துளைகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அது மட்டுமே சான்று ஆகாது.
- கோ-ஆப்டெக்ஸில் வாங்குங்கள். 1935இல் தொடங்கிய இந்த நிறுவனம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தே சரக்கு எடுக்கிறது.

கைத்தறி விலை கட்டுப்படியாகாது என்பவர்கள், கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடி தரும் தீபாவளி சமயத்துக்குக் காத்திருக்கலாம். மலிவான மூன்று சேலைக்குப் பதில் பத்து வருஷம் உழைக்கும் ஒரு சேலை என்று கணக்குப் போட்டால் விலையும் ஒத்துவரும்.

முட்டை: வெள்ளையா, பழுப்பா?

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. கூண்டில் வளர்ந்ததா, மேய்ந்து வளர்ந்ததா என்பதை அது காட்டாது. பழுப்பு என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தெருவிலோ கிராமத்திலோ கோழி வளர்ப்பவரைத் தெரிந்தால் அவரிடம் வாங்குங்கள்.

எதில் தொடங்குவது?

பைக்குச் செலவே இல்லை, இன்றே தொடங்கலாம். தேயிலையை அடுத்த ரேஷனில் மாற்றலாம். துணியைப் பண்டிகைக்கு மாற்றலாம். முட்டைக்கு ஆள் கிடைக்கும்வரை பழைய கடையே போதும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முனைந்தால் பட்ஜெட் இடிக்கும், அடுத்த மாதமே பழைய பழக்கம் திரும்பிவிடும்.