வெள்ளணுக்களுக்குப் போகும் கட்டளைகள்



உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி நம் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்திற்குச் செல்கிறது. அங்கே தினமும் எண்ணப்படும் ஒரு வகை வெள்ளணுவைப் பற்றி இம்முறை படிப்போம்.

குந்தாப் பகுதியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் களைப்பு, மூச்சுவாங்குதல் என்று வருகிறார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். சோகைக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கொக்கிப்புழு. வெதுவெதுப்பான ஈரமண் அதற்குப் பிடிக்கும். ஆகையால் மஞ்சூர்க் குளிரைவிடக் கெத்தைப் பக்கத்துத் தாழ்வான சரிவுகளே அதற்கு ஏற்றவை. வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் புழுக்குஞ்சு, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலைப் பற்றிக்கொள்கிறது. நெக்கேட்டர் வகைப் புழு ஒன்றினால் நாளுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் இரத்தம் போகும். நூறு புழு இருந்தால் 3 மில்லி. மாதக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

புழு வந்ததும் சரீரம் சும்மா இருப்பதில்லை. டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-5 என்ற சிறு புரதத்தை வெளியிடுகின்றன. அது எலும்பு மஜ்ஜைக்குப் போகும் கட்டளை: ஈசினோஃபில்களை உண்டாக்கு, இரத்தத்தில் அனுப்பு, சீக்கிரம் சாகவிடாதே. 1879-இல் பால் எர்லிக் கண்டறிந்த, ஈசின் சாயத்தில் சிவக்கும் அணுக்கள் இவை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குள் இருக்க வேண்டியவை, புழு இருந்தால் ஆயிரக்கணக்கில் ஏறலாம். பவுல் 1 கொரிந்தியர் 12-இல் கண், காது, கை, கால் என்று எழுதினார். குடலுக்கும் மஜ்ஜைக்கும் நடக்கும் இந்தக் கடிதப் போக்குவரத்தை அறிந்திருந்தால் அந்த அதிகாரம் இன்னும் நீண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ஈசினோஃபிலின் நச்சுத் துகள்கள் நம் சொந்தத் திசுவையும் புண்ணாக்கும். யானைக்கால் புழுவுக்கு எதிராக இந்தப் படை கட்டுமீறும்போது, சிலருக்கு இரவில் இருமலும் இழுப்பும் வருகின்றன. ஆஸ்துமா என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. ஆகவே நிறுத்து என்ற கட்டளையும் உண்டு. அதைக் கொண்டுபோவது இன்டர்லூக்கின்-10.

இந்த இடத்தில்தான் புழு தந்திரம் செய்கிறது. நிறுத்தும் கட்டளையைத் தனக்குச் சாதகமாகப் பெருக்கிக்கொண்டு, எதிர்ப்பை மந்தமாக்கி, வருஷக்கணக்கில் குடியிருக்கிறது. இரத்தத்தில் யானைக்கால் புழுக்குஞ்சுகள் நிறைந்தும் நோய்க்குறி ஏதுமில்லாதவர்களிடம் இந்த மந்தத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். சென்னையிலும் இவ்வாராய்ச்சி நடந்திருக்கிறது.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே ஐயா, மாத்திரை எதுக்கு?" என்று கேட்பவருக்கு இதுவே பதில். வயிறு அமைதியாக இருப்பதும், ஈசினோஃபில் எண்ணிக்கை சரியாக இருப்பதும், புழு இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. மலப் பரிசோதனையும் வேண்டும்.

2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கானது. தாய்மாரும் வயதானவர்களும் நம்மிடம் வரவேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். புழு போனாலும் போன இரத்தம் தானே திரும்பாது. இரும்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இவ்வருஷக் காணிக்கையில் அதிகம் தேவைப்படுவது அந்த இரும்புச் சத்து மாத்திரைக்குத்தான்.