துடைத்தெறியும் தாளுக்கு மரம் எதற்கு?



தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள், பரவாயில்லை. நம் பேரவைச் செயலாளரும் சிரித்தார். "ஏம்மா, மலர்ல போட வேற சப்ஜெக்டே கிடைக்கலையா?" என்று கேட்டார். நான் கெமிக்கல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தது நான் ஒருத்திதான். நான் படித்த படிப்பு எங்கள் அம்மாவுக்கு முதன்முதலாக ஏதோ ஒரு வகையில் உபயோகப்பட்டது இந்த விஷயத்தில்தான். அதனால் இதையே எழுதுகிறேன்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். நம் வீடுகளில் சொம்பும் தண்ணீரும்தான். ஆனால் அந்த மாதிரி ஆபீஸ்களில் சுவரில் வெள்ளைக் காகிதச் சுருள் தொங்கும். தீரத் தீர மாட்டுவது அம்மாவின் வேலை. ஒரு நாள் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்து போனபிறகு, பாதி தீர்ந்த ஒரு புது மாதிரிச் சுருளைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தார். நிறம் பழுப்பு. உறையில் ஏழு விரல் விரித்த மாதிரி ஒரு இலைப் படம். கீழே ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்று போட்டிருந்தது. "இது என்னா இலை பாப்பா?" என்றார். டாடா ஏஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்த அப்பா அந்தப் படத்தைப் பார்த்தார். "அடியே, இது கஞ்சா இலைடி! முதல்ல வெளிய எறி, போலீஸ் வந்துரப் போவுது!" என்று எழுந்தே விட்டார்.

அகராதியைப் புரட்டினேன். ஹெம்ப் என்றால் சணல் என்று போட்டிருந்தது. நாம் கோணிப்பையைத்தானே சணல் என்கிறோம்? அது ஜூட், வேறு செடி. ஆங்கிலக்காரன் நார் கிடைத்த செடிக்கெல்லாம் ஹெம்ப் என்று பெயர் வைத்துவிட்டான். நம் ஊர் வயலில் மஞ்சள் பூ பூக்கும் சணப்பு 'சன் ஹெம்ப்'. புளிச்சக்கீரையின் உறவுக்காரச் செடி ஒன்று 'டெக்கான் ஹெம்ப்'. கப்பல் கயிறு திரிக்கும் 'மணிலா ஹெம்ப்' பிலிப்பைன்ஸ் நாட்டில் விளையும் ஒரு வாழை. ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் கற்றாழை நாருக்குக்கூட 'சிசல் ஹெம்ப்' என்ற பெயர் உண்டு. இவற்றுக்கு நடுவே உண்மையான ஹெம்ப், கஞ்சாச் செடியின் இனமேதான். அப்பா சொன்னது தப்பில்லை. ஆனால் நாருக்காக வளர்க்கும் ரகத்தில் போதைப்பொருள் மிகக் குறைவு. அதைப் புகைத்தால் தலைவலிதான் மிச்சம் என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் இந்தச் செடியை வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்கிறது. அதன்படி 2018-இல் உத்தராகண்ட் மாநிலம் முதன்முதலாக உரிமம் கொடுத்தது. போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நம் ஊரில் கொல்லையில் ஒன்றை நட்டால் கேஸ்தான். ஆகவே நண்பர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். காகிதம் என்றால் மரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். முதல் காகிதம் மரக்கூழில் வரவில்லை. கி.பி. 105-இல் சீனாவில் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை எல்லாவற்றையும் இடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்தார் என்பது வரலாறு. மரக்கூழ் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். கழிப்பறையில் காகிதம் பயன்படுத்தியதும் சீனர்களே. ஆறாம் நூற்றாண்டில் யான் ழிடுய் என்ற அறிஞர், சான்றோர் பெயரோ நூல் வாசகமோ எழுதிய காகிதத்தைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தத் தமக்குத் துணிவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அந்த மனிதரை நன்றாகவே புரியும்.

கடையில் விற்ற முதல் கழிப்பறைத் தாள் அமெரிக்காவில் 1857-இல் வந்தது. ஜோசப் கெயட்டி என்பவர் 500 தாள் ஐம்பது சென்ட் என்று, மூல நோய்க்கு நல்லது என்று விளம்பரம் செய்து விற்றார். ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை நீர்க்குறியாகப் பதித்திருந்தாராம். எந்தக் காகிதத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அது நிற்க. அந்தத் தாள் மணிலா ஹெம்பில் செய்தது, அதாவது வாழை நாரில்.

இப்போது கெமிஸ்ட்ரி. காகிதத்துக்கு வேண்டியது செல்லுலோஸ். அதை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை லிக்னின். மரத்தில் லிக்னின் 20 முதல் 30 சதவீதம். ஹெம்ப் தண்டின் வெளிப்பட்டை நாரிலோ சுமார் 5 சதவீதம்தான். லிக்னின் குறைந்தால் வேகவைக்கக் காஸ்டிக் சோடா குறையும், வெளுக்க ரசாயனம் குறையும், ஆலைக்கு வெளியே போகும் கறுப்புத் தண்ணீரும் குறையும். செடியும் நான்கு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது!

ஆனால் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. 1916-இல் அமெரிக்க வேளாண் துறை 404-ஆம் எண் வெளியீடு ஒன்று போட்டது. இருபது ஆண்டுக் கணக்கில் ஒரு ஏக்கர் ஹெம்ப் நான்கு ஏக்கர் காட்டுக்குச் சமமான கூழ் தரும் என்று அதில் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பட்டை நாருக்கு இல்லை, தண்டின் உள்ளே இருக்கும் சக்கைக்கு. தண்டில் நார் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீதி எல்லாம் சக்கைதான். சக்கையின் இழை அரை மில்லிமீட்டர். பட்டை நாரின் இழையோ சுமார் 20 மில்லிமீட்டர்! பைன் மர இழை 3, யூகலிப்டஸ் இழை 1 மில்லிமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே செடியில் ஒன்று மிகவும் குட்டை, இன்னொன்று மிகவும் நெட்டை. இரண்டையும் பிரிக்க வேண்டும், நெட்டையை வெட்ட வேண்டும். அறுவடை வருடத்தில் சில வாரம்தான், ஆலையோ வருடம் முழுதும் ஓட வேண்டும், எனவே கிடங்கும் வேண்டும். அதனால்தான் ஹெம்ப் கூழ் மரக்கூழைவிடப் பல மடங்கு விலை.

கழிப்பறைத் தாளில் வேறொரு வேடிக்கையும் உண்டு. மென்மையாக இருக்கக் குட்டை இழை வேண்டும், கையில் கிழியாமல் இருக்க நெட்டை இழை வேண்டும். இரண்டையும் கலந்த ஈரத்தாளை 'யாங்கி' என்ற மிகப் பெரிய சூடான உருளையில் ஒட்டிக் காயவைத்து, ஒரு பிளேடால் சுரண்டி எடுப்பார்கள். அப்போது விழும் சுருக்கத்தில்தான் அந்தப் பஞ்சு போன்ற தன்மை வருகிறது. தோசைக்கல்லில் முறுகலைத் தோசைத் திருப்பியால் சுரண்டினால் சுருண்டு வருமே, அதே தத்துவம்தான்.

இதற்காக எந்த மரம் போகிறது? வட அமெரிக்காவில் பெரும்பகுதி கனடாவின் வடக்குக் காடுகளிலிருந்து போகிறது என்று அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்புகள் 2019-இல் ஒரு அறிக்கையே வெளியிட்டன. ஒரு நிமிடம் பயன்படுத்தித் தண்ணீரில் விடும் பொருளுக்கு, வளர எத்தனையோ வருடம் ஆகும் மரம்.

நமக்கு இதற்கெல்லாம் உத்தராகண்டும் வேண்டாம், கனடாவும் வேண்டாம். கரூர் மாவட்டம் புகளூர் பக்கத்தில் காகிதபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1979-இல் தமிழக அரசு தொடங்கிய டி.என்.பி.எல். ஆலை அங்கேதான். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுப்பதற்கென்றே கட்டியது. 1984-இல் உற்பத்தி ஆரம்பித்தார்கள். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் பாய்லரில் எரித்துக்கொண்டிருந்தன. சும்மா கேட்டால் தருவார்களா? "உன் சக்கையை எனக்குக் கொடு, எரிக்க நிலக்கரியோ நீராவியோ நான் தருகிறேன்" என்று பண்டமாற்று செய்தார்கள். எனக்கு அந்த ஆலையின் மெஷினைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. எரிய இருந்த ஒன்று நோட்டுப் புத்தகம் ஆகிவிட்டது.

நானும் செய்து பார்த்தேன். அம்பத்தூர் ஓ.டி.யில் ஜூஸ் பிழியும் அண்ணனிடம் ஒரு பை சக்கை கேட்டேன். "மாட்டுக்கா பாப்பா?" என்றார். "இல்லண்ணே, பேப்பருக்கு" என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். லேப் சார் அனுமதியோடு காஸ்டிக் சோடாவில் மூன்று மணி நேரம் வேகவைத்து, பலமுறை அலசி, வீட்டு மிக்சியில் அரைத்தேன். மிக்சிக்காக வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. கொசுவலையைச் சட்டத்தில் கட்டி வடிகட்டினால் தண்ணீர் இறங்கவே இல்லை. காய்ந்தபின் அப்பளம் மாதிரி உடைந்தது. சார்தான் காரணம் சொன்னார். சக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாரே இல்லை, பஞ்சு போன்ற சோறு. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆலையில் முதல் வேலையே அந்தச் சோற்றை நீக்குவதுதானாம். இரண்டாம் முறை சக்கையைக் காயவைத்துத் தேய்த்துச் சலித்துவிட்டுச் செய்தேன். முரட்டுத் தாள்தான், ஆனாலும் தாள். பேனாவால் என் பெயரை எழுதினேன். கெயட்டி ஞாபகம் வந்தது.

சக்கை இழை யூகலிப்டஸ் போலக் குட்டை. ஆகவே மென்மைக்கு அது சரி. உறுதிக்கு நெட்டை இழை வேண்டுமே? அதற்குத்தான் சணப்பு. திருவள்ளூர்ப் பக்கம் எங்கள் தாத்தா நெல்லுக்கு முன்னால் அதை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவார், மண்ணுக்கு உரமாகும். முற்ற விட்டால் நார் தரும். சிகரெட் தாளுக்கு அந்த நார் ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது. போலீஸ் பயமும் இல்லை. சக்கையோடு கொஞ்சம் சணப்பு என்று கலந்தால் மரமே இல்லாத சுருள் வரும் என்பது என் எண்ணம். உரமாக உழுவதைவிட நாருக்கு அதிக விலை கிடைத்தால்தான் விவசாயி முற்ற விடுவார் என்பதும் தெரியும்.

"நமக்குத் தண்ணிதானே, பேப்பர் எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தபோது, ராத்திரி லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாம். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் காகிதம் செய்ய ஆலை 50,000 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் சுருளுக்கு 5 லிட்டர். அதில் 150 தாள், ஒரு தடவைக்கு 8 தாள் என்றால் சுமார் 19 தடவை வரும். அதாவது தடவைக்குக் கால் லிட்டர். நம் சொம்போ ஒரு லிட்டர்! எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீர் இதில் வரவில்லை, மரமும் கரண்டும் ரசாயனமும் வரவில்லை. ஆனாலும் தண்ணீரில் பெரிய திருடன் சொம்பும் இல்லை, சுருளும் இல்லை. பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு தடவை இழுத்தால் 10 லிட்டருக்கு மேல் போகிறது. அதை யாரும் பேசுவதில்லை.

கடைசியாக அம்மா விஷயம். அவர் வேலை பார்க்கும் மாடியில் கழிப்பறை அடைத்துக்கொண்டது. "நீதான் ரோலை உள்ளே போட்டிருப்பே" என்று சூப்பர்வைசர் சம்பளத்தில் 400 ரூபாய் பிடித்துவிட்டார். அடைப்பை எடுக்க வந்தவர் கையுறை இல்லாமல் கையை விட்டதை அம்மா பார்த்திருக்கிறார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்துவிட்டது என்று அவரிடம் யார் சொல்வது? அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஒரே அளவுத் தண்ணீர் பாட்டில் ஐந்து எடுத்தேன். பாதி தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு: சாதாரணக் கழிப்பறைச் சுருள், அந்த ஹெம்ப் சுருள், முகம் துடைக்கும் டிஷ்யூ, சமையலறைத் தாள், ஈர வைப்ஸ். ஒவ்வொன்றையும் 50 முறை குலுக்கினேன். முதலாவது கஞ்சி மாதிரி கரைந்தது. ஹெம்ப் இழை நீளம் என்பதாலோ என்னவோ, இன்னும் 30 குலுக்கு கேட்டது, ஆனால் அதுவும் பிரிந்துவிட்டது. டிஷ்யூவும் சமையலறைத் தாளும் முழுசாக மிதந்தன. ஈரத்தில் கிழியாமல் இருக்க அவற்றில் ஒரு பிசின் சேர்க்கிறார்கள், கழிப்பறைத் தாளில் அது சேர்ப்பதில்லை. வைப்ஸைப் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்துதான் செய்கிறார்கள், சேலைத் துணி மாதிரி. அதை ஒரு வாரம் ஊறவைத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆக, குழாயை அடைத்தது அம்மா மாட்டும் சுருள் இல்லை. யாரோ உள்ளே போட்டுவிட்டுப் போன வைப்ஸ்.

அம்மா அந்த ஐந்து பாட்டிலையும் பெயர் ஒட்டி வயர் கூடையில் வைத்து எடுத்துப் போனார். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வைப்ஸ் பாட்டிலை மட்டும் இங்கேயே வச்சிட்டுப் போம்மா" என்றாராம். 400 ரூபாய் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு கழிப்பறையிலும் மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்கள். மேலே ஒட்டிய அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார்.