குளவிக்கும் அனுமதி வேண்டும்

அன்புள்ள தம்பி,

பூச்சியியல் படிப்பை முடித்துவிட்டு வெள்ளிமலைக்கே திரும்பி, மரவள்ளிக் காடுகளில் ஆய்வு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். கல்வராயன் மலையில் பிறந்த பிள்ளை அந்த மலையின் பயிருக்கே ஆய்வாளராக வருவதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசி வரி உறுத்தியது. வெளிநாட்டுக் கூட்டாய்வு, ஒப்பந்தம், அனுமதிக் கடிதம் எல்லாம் டெல்லியில் இருப்பவர்கள் வேலை, எனக்குக் காடு போதும் என்கிறாய். அந்த வரிக்காகவே இதை எழுதுகிறேன். இதே எண்ணத்தோடு இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

உன் காட்டில் நிற்கும் பயிரையே எடுத்துக்கொள். மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைத் தாக்கும் மாவுப்பூச்சியும் அங்கே பிறந்ததுதான். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பூச்சி கடல் கடந்து காங்கோ பகுதியில் தலைகாட்டியது. ஆண் இல்லாமலே பெருகும் இனம் அது. சொந்த மண்ணில் அதை அடக்கிவைத்திருந்த எதிரிகள் ஆப்பிரிக்காவில் இல்லை. நாடு நாடாகப் பரவி, சில இடங்களில் மகசூலில் 80 சதவீதம் வரை அழித்தது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவு.

நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இந்தப் பொறுப்பை ஏற்றார். பூச்சி எங்கிருந்து வந்ததோ அங்கே போய் அதன் எதிரியைத் தேட வேண்டும். தேடியவர்களுக்கு முதலில் தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைச் சோதித்தபோது அவை ஆப்பிரிக்கப் பூச்சியின்மீது வேலை செய்யவில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு இனம். 1981-இல்தான், கொலம்பியாவில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் அந்தோணி பெலோட்டி பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். அங்கிருந்துதான் ‘அனகைரஸ் லோபெசி’ என்ற குளவி கிடைத்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். அந்தக் குளவியை நேரே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. இங்கிலாந்தில் தனிமைப்படுத்திப் பார்த்த பிறகே இபாதானுக்கு அனுப்பினார்கள். பிறகு அரசுகளிடம் பேசி அனுமதி பெற்றுத் திறந்துவிட, இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைபெற்றது. 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசில் பாதியாவது, பூச்சியின் பெயரைச் சரியாகச் சொன்னவர்களுக்கும் கடிதம் எழுதி அனுமதி வாங்கியவர்களுக்கும் உரியது என்பது என் எண்ணம்.

2008-இல் தாய்லாந்திலும் அந்த மாவுப்பூச்சி தென்பட்டது. இபாதான் நிறுவனத்துக்குப் பெனின் நாட்டில் உள்ள மையத்திலிருந்து அங்கே குளவி போனது. 2020-இல் திருச்சூரில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் என்று நம் பக்கமும் பூச்சி வந்துவிட்டது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகி, கணுவிடை குறுகிப்போன செடிகளை நீயும் பார்த்திருப்பாய். 2021-இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனினிலிருந்து குளவியை வரவழைத்தது. தனிமைக் கூடத்தில் சோதனைகள் முடிந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். ஏத்தாப்பூர் உன் மலைக்கு மேற்கே, அடிவாரத்துப் பக்கம்தான்.

நம்மவர்களுக்கு இந்தப் பாதை புதிதல்ல. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் பாழாக்கியபோது, அமெரிக்க வேளாண் துறையின் போர்ட்டோ ரிக்கோ கூடத்திலிருந்து 2010-இல் மூன்று வகை ஒட்டுண்ணிகள் வந்தன. முன்பே அறிமுகமான ஆய்வாளர்கள் இரு பக்கமும் இருந்ததால் அவசரத்தில் கேட்க முடிந்தது. அந்த அறிமுகத்தை ஆபத்து வந்த பிறகு உண்டாக்க முடியாது. இப்போதே எழுதத் தொடங்கு. உன் மாதிரிகளை எந்த நாட்டு வகைப்பாட்டியலாளர் பார்க்கிறாரோ, முடிவு என்ன ஆயிற்று என்று அவருக்கும் ஒரு வரி போடு.

சட்டத்தையும் படி. 1992-இல் ரியோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கைக்குப் பிறகு, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது. நமக்கு 2002-இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. 2001-இல் உணவு, வேளாண்மைக்கான தாவர மரபு வளங்கள் குறித்த தனி உடன்படிக்கையும் உருவானது. அதன் பொதுப் பட்டியலில் உன் மலையின் கேழ்வரகும் மரவள்ளியும் உண்டு; சாமையும் தினையும் இல்லை. அருகருகே விளைவதைக் கொடுக்கவும் வாங்கவும் வெவ்வேறு விதிகள். நாளைக்கு ஒரு வெளிநாட்டுக் குழு வந்து சாமைக் கதிரோ கடுக்காயோ மண்ணோ கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது கூச்சத்தில் கொடுத்துவிடவும் கூடாது, பயத்தில் மறுத்துவிடவும் கூடாது. எந்தப் படிவம், யார் ஒப்புதல், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு என்ன பங்கு என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விதையைக் காத்த மலைவாழ் மக்களின் பெயர் அந்தத் தாளில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதே.

நாளைக்கு இன்னொரு குளவி வந்து தனிமைக் கூடத்தில் இருக்கும் மாதங்களில் விவசாயிக்குக் கோபம் வரும். காடு காய்கிறது, மருந்தை வைத்துக்கொண்டு தராமல் இருக்கிறீர்களே என்பார். வேறு நல்ல பூச்சியைத் தாக்குமா, கூடவே வேறு நோய் வருமா என்று பார்க்காமல் விட முடியாது என்பதை அவருடைய வரப்பில் உட்கார்ந்து சொல். விட்ட பிறகு பூச்சிமருந்து அடித்தால் குளவியும் சாகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடு.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். வெள்ளிமலை அடிவாரத்தைவிடக் குளிர்ச்சி. அந்தக் குளிரில் குளவி எப்படிப் பெருகுகிறது, எந்த மாதத்தில் பின்தங்குகிறது என்று ஊர்வாரியாக நுனிக்கொத்துகளைப் பறித்துவந்து, கண்ணாடிக் குடுவையில் வைத்து, வெளிவருவதைக் குறித்து வை. ஒரு வருடக் கணக்கு சேர்ந்ததும் ஒரு படி ஏத்தாப்பூருக்கு, ஒரு படி பெங்களூருக்கு அனுப்பு. அவர்கள் வழியாக, முறைப்படி, மூன்றாவது படி பெனினுக்குப் போகட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்